சமையல் மேடைக்குக் கல் எடுக்கும்முன்: கடையில் பார்க்க வேண்டியது, வீட்டில் கவனிக்க வேண்டியது

சமையல் மேடைக்கு எந்தக் கல் நீடித்து உழைக்கும் என்று கேட்டால் கடையில் உடனே வரும் பதில், "கிரானைட் போடுங்க சார், ஆயுசுக்கும் அசையாது." அதில் பாதிதான் உண்மை. கிரானைட் என்ற பெயரில் விற்கும் கற்களில் சில, சிந்திய எண்ணெயை அப்படியே குடித்துவிடும். சில, இருபது வருடம் புழங்கினாலும் கறை ஏறாது. அதே நல்ல கல்லை இரண்டு வீட்டில் பதித்தால், ஒரு வீட்டில் மட்டும் சிங்க் ஓரத்தில் விரிசல் விழும். ஆகவே பெயரைக் கேட்டுக் கல் எடுக்காதீர்கள். கல் எவ்வளவு உறிஞ்சுகிறது, புளிப்பு பட்டால் என்ன ஆகிறது, அடியில் அதை எது தாங்கப்போகிறது என்ற மூன்றையும் பார்த்து எடுங்கள். முதல் இரண்டைக் கடையிலேயே சோதித்துவிடலாம். மூன்றாவது, மேஸ்திரி வேலை செய்யும்போது நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியது.

நம் சமையலறை கல்லுக்குத் தரும் வேலை

வெளிநாட்டு விளம்பரங்களில் வரும் மேடையில் ஒரு பழத்தட்டும் காபிக் கோப்பையும் இருக்கும். நம் மேடையில் மாவரைக்கும் கிரைண்டர் அரை மணி நேரம் அதிர்கிறது. தேங்காயை மேடை விளிம்பிலேயே தட்டி உடைப்பவர்கள் உண்டு. அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல் நேராக மேடைக்கு வருகிறது. புளிக்கரைசல், எலுமிச்சை, தயிர் என்று தினமும் ஏதோ ஒரு புளிப்பு சிந்துகிறது. மஞ்சள் தூளும் நல்லெண்ணெயும் தனிக்கதை. போதாக்குறைக்கு போர்வெல் உப்புத் தண்ணீர். இத்தனையையும் தாங்குமா என்பதுதான் கேள்வி. அழகு அதற்கு அப்புறம்.

எந்தப் பொருள் எதற்கு

கடப்பா கல் விலை குறைவு, கறுப்பாகப் பார்க்கவும் நன்றாக இருக்கும். ஆனால் அது சுண்ணாம்புக்கல் வகை. எலுமிச்சைச் சாறு பட்ட இடம் வெளுத்து மங்கிவிடும். அடுக்கடுக்காக உருவான கல் என்பதால் சில இடங்களில் மேல் அடுக்கு பெயர்ந்து வரும். மேடைக்கு மேலே வேண்டாம். மேடையைத் தாங்கும் நிறுத்துக்கல்லுக்கும் உள்தட்டுகளுக்கும் அதைவிடச் சிக்கனமான கல் கிடையாது. மார்பிளும் புளிப்பு விஷயத்தில் கடப்பாவின் உறவுதான். பூஜை அறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கிரானைட்டில் கறுப்பு ரகங்கள் பெரும்பாலும் நெருக்கமானவை, உறிஞ்சுவது மிகக் குறைவு. புவியியலாளர் கணக்கில் இவை கிரானைட்டே அல்ல, கேப்ரோ, டோலரைட் வகைப் பாறைகள். மேடைக்கு அது நல்ல செய்திதான். திண்டிவனம் பக்கத்துக் குன்னம் பிளாக், ஆந்திராவில் ஓங்கோல் அருகே சீமகுர்த்தியில் எடுக்கும் பிளாக் கேலக்ஸி இரண்டும் இந்தக் கூட்டம். கேலக்ஸியில் மின்னும் பொன்னிறப் புள்ளிகள் பிரான்சைட் என்ற தாது. கல்லோடு பிறந்தவை, பாலிஷ் போனாலும் போகாது. தெலங்கானா கரீம்நகரிலிருந்து வரும் டேன் பிரவுனும் சமையலறைக்கு நன்றாக உழைக்கும். கறையும் தூசியும் கண்ணில் படாமல் இருக்க வேண்டுமென்றால் பழுப்புக் கல்லை அடிக்க ஆளில்லை.

வெள்ளை ரகங்களில்தான் கவனம் வேண்டும். காஷ்மீர் ஒயிட் என்று விற்கும் கல்லுக்கும் காஷ்மீருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை; அது மதுரைப் பக்கத்துக் கல். பார்க்க அழகு. ஆனால் உறிஞ்சும் குணம் அதிகம். அதிலுள்ள சிவப்புப் புள்ளிகள் கார்னெட் என்ற இரும்புச்சத்துள்ள தாது. ஈரம் தொடர்ந்து நின்றால் அதைச் சுற்றி மஞ்சள் படரலாம். வெள்ளைதான் வேண்டும் என்பவர்கள், வருடா வருடம் சீலர் (கல் உறிஞ்சாமல் தடுக்கும் பூச்சு) அடிக்கும் வேலையையும் சேர்த்து ஒப்புக்கொண்டு எடுங்கள்.

குவார்ட்ஸ் என்று விற்பது வெட்டியெடுத்த கல் அல்ல; சுமார் 90 சதவீதம் குவார்ட்ஸ் துகளைப் பாலியெஸ்டர் ரெசின் என்ற பிளாஸ்டிக் பசையில் குழைத்து அழுத்திய பலகை. உறிஞ்சாது, சீலர் தேவையில்லை, நிறம் ஒரே சீராக இருக்கும். பலவீனம் அந்த ரெசினில் இருக்கிறது. ஏறக்குறைய 150 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் ரெசின் கருகி மஞ்சள் வட்டம் விழும், அதைத் தேய்த்து எடுக்க முடியாது. ஆவி அடங்கிய குக்கரின் அடி 120 டிகிரிக்குள் இருக்கும், தப்பிக்கலாம். காய்ந்த தோசைக்கல் 200ஐத் தாண்டும், தப்பிக்காது. வீட்டில் எல்லோரும் மனைப்பலகை வைத்துத்தான் பாத்திரம் இறக்குவார்கள் என்று உறுதியாகச் சொல்ல முடிந்தால் குவார்ட்ஸ் எடுக்கலாம். ஜன்னல் வழியே நேர் வெயில் விழும் மேடைக்கும், மொட்டைமாடிச் சமையலறைக்கும் அது கூடவே கூடாது. வெயிலில் ரெசின் மஞ்சளாகும்.

நானோ ஒயிட் என்பது படிகமாக்கிய கண்ணாடி. பால் வெள்ளை, கறை பிடிக்காது. ஆனால் விளிம்பில் இரும்புக் கரண்டி விழுந்தால் சில்லுத் தெறிக்கும், ஒட்டினால் ஒட்டு தெரியும். கோரியன் போன்ற அக்ரிலிக் பலகையில் இணைப்பே தெரியாது, கீறலைத் தேய்த்து எடுத்துவிடலாம், சூடு மட்டும் ஆகாது. துருப்பிடிக்காத எஃகு, 304 ரகம், ஓட்டல் சமையலறைக்கு நல்லது. வீட்டில் சத்தமும் கீறலும் பழகிக்கொள்ள வேண்டும். டைல்ஸ் பதித்த மேடை வேண்டாம். டைல்ஸ் நன்றாகவே இருக்கும், இடுக்குகளில் எண்ணெய் ஏறிக் கறுத்துப்போகும்.

இதையெல்லாம் கூட்டிக் கழித்தால், தினமும் மூன்று வேளை சமைக்கும் வீட்டுக்கு அடர்நிறக் கிரானைட்தான் எங்கள் சிபாரிசு. அதற்குமேல் எடுப்பது உங்கள் ரசனை.

கடைக்குப் போகும்போது பையில் எடுத்துக்கொள்ள வேண்டியவை

ஒரு எலுமிச்சம்பழம், சிறு பாட்டிலில் தண்ணீர், சமையல் எண்ணெய், நெயில் பாலிஷ் ரிமூவர், வெள்ளைத் துணி, அளக்கும் டேப், ஒரு ரூபாய் நாணயம். சிரிப்பார்கள், பரவாயில்லை. வியாபாரம் தெரிந்த கடைக்காரர் தடுக்க மாட்டார். தடுத்தால் அதுவே ஒரு பதில். வெட்டுத்துண்டு கேட்டு அதில் சோதிப்பது இருவருக்கும் நல்லது.

முதலில் தண்ணீர். பாலிஷ் முகத்தில் நான்கைந்து சொட்டு விட்டுப் பதினைந்து நிமிடம் கழித்துத் துடையுங்கள். அடியில் நிழல் போல் கறுத்த தடம் தெரிந்தால் கல் குடிக்கிறது. ஐந்து நிமிடத்துக்குள்ளேயே கறுத்தால் அந்தக் கல்லை விட்டுவிடுங்கள். எண்ணெயையும் இதே போல் இன்னொரு இடத்தில் வையுங்கள், ஆனால் அதற்கு அரை மணி நேரம் கொடுங்கள்.

அடுத்து எலுமிச்சை. ஒரு துளியைப் பத்து நிமிடம் விட்டுத் துடைத்து, வெளிச்சத்துக்குச் சாய்வாகப் பாருங்கள். பளபளப்பு மங்கிய வட்டம் தெரிந்தால் கல்லில் சுண்ணாம்புத் தாது இருக்கிறது. மேடையில் இதே வட்டம் ரசம் வைக்கும் அன்றைக்கெல்லாம் விழும்.

கறுப்புக் கல்லுக்கு மட்டும் இன்னொரு சோதனை உண்டு. சாம்பல் நிறக் கல்லுக்குச் சாயம் ஏற்றி முழுக் கறுப்பு என்று விற்பது நடக்கிறது. வெள்ளைத் துணியில் நெயில் பாலிஷ் ரிமூவரை நனைத்து ஒரே இடத்தில் அழுத்தித் தேயுங்கள். துணியில் கறுப்பு இறங்கினால் சாயம். பதித்த இரண்டு மூன்று வருடத்தில் சிங்கைச் சுற்றி அது வெளுக்கும்.

பிறகு விரிசல். பலகையை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்து நிறுத்தச் சொல்லி, கண்ணைக் கல்லின் மட்டத்துக்குக் கொண்டுபோய் நீளவாக்கில் பாருங்கள். மயிரிழைக் கோடு இருந்தால் பளபளப்பு அந்த இடத்தில் முறியும். நாணயத்தால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல கல் கணீரென்று ஒலிக்கும். விரிசலுள்ள இடத்தில் சத்தம் செத்திருக்கும். பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். வலை ஒட்டி ரெசின் பூசியிருந்தால் அந்தக் கல் இயல்பில் நொய்மையானது என்று ஆலையிலேயே முடிவு செய்திருக்கிறார்கள். தரைக்கு அது போதும். சிங்க் வெட்டும் பலகைக்கு எடுக்காதீர்கள்.

கடைசியாகக் கனம். 20 மி.மீ. என்று பில்லில் எழுதிய கல், டேப் வைத்தால் 16, 17 காட்டுவது சந்தையில் சகஜம். நான்கு மூலையிலும் அளந்து பாருங்கள். ஒரே பலகையில் இரண்டு மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் இணைப்பில் படி விழும்.

எத்தனை சதுர அடி

'ட' வடிவ மேடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு சுவர் 10 அடி, இன்னொரு சுவர் 8 அடி, அகலம் 2 அடி. மூலைப் பகுதியை இரண்டு முறை எண்ணக் கூடாது. 10 × 2 = 20, பிறகு (8 − 2) × 2 = 12. ஆக மேற்பரப்பு 32 சதுர அடி. சுவரோரம் நிற்கும் நான்கு அங்குலக் கல்பட்டை (ஸ்கர்ட்டிங்) 18 அடிக்கு 6 சதுர அடி. முன்விளிம்பில் ஒட்டும் இரண்டங்குலப் பட்டை 14 அடிக்கு இரண்டரைக்குக் கொஞ்சம் குறைவு. மொத்தம் ஏறக்குறைய நாற்பதரை. சேதாரம் 10 சதவீதம் சேர்த்தால் 45 சதுர அடி எடுங்கள். சுவர் டைல்ஸை மேடை வரை இறக்குகிறீர்கள் என்றால் ஸ்கர்ட்டிங்கைக் கழித்துவிடலாம். சிங்குக்கும் ஹாப்புக்கும் (மேடையில் பதிக்கும் அடுப்பு) வெட்டியெடுக்கும் துண்டுக்கும் நீங்கள்தான் காசு கொடுக்கிறீர்கள். அந்தத் துண்டுகளை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சீலர் சோதிக்கவும், பின்னால் ஏதாவது ஒட்டுப்போடவும் அதே கல் வேறெங்கும் கிடைக்காது.

'கட்டர் அளவு' என்று கடையில் சொல்லும் சிறிய பலகைகள் பெரும்பாலும் எட்டு, ஒன்பது அடி நீளத்தோடு நின்றுவிடும். பத்தடி மேடையில் இணைப்பு வரத்தான் செய்யும். அது எங்கே வரும் என்பதை வெட்டுவதற்குமுன் நீங்கள் சொல்லுங்கள்: சிங்க் மேலேயும் வேண்டாம், அடுப்பு மேலேயும் வேண்டாம். மூலையில் 45 டிகிரியில் சரிவாக இணைப்பதைவிட ஒரு பலகை முழுதாக ஓட, இன்னொன்று அதில் முட்டி நிற்பது நல்லது. சரிவு வெட்டின் கூர்முனைதான் முதலில் உடையும்.

20 மி.மீ. கிரானைட் சதுர அடிக்கு ஏறக்குறைய ஐந்து கிலோ. எட்டடிப் பலகை ஒன்று 80 கிலோ. அபார்ட்மென்ட்டில் மூன்றாவது மாடி என்றால் மாடிப்படித் திருப்பத்தில் எட்டடிப் பலகை திரும்புமா என்று முதலில் டேப் வைத்துப் பாருங்கள். தூக்கும்போது எப்போதும் செங்குத்தாக, பக்கவாட்டில் நிறுத்தித்தான் தூக்க வேண்டும். படுக்கையாகத் தூக்கினால் தன் கனத்திலேயே நடுவில் முறியும்.

உயரம் தப்பும் இடம்

நின்று சமைப்பவரின் முழங்கைக்கு நான்கங்குலம் கீழே மேடை இருந்தால் தோள் வலிக்காது. நம் வீடுகளில் 32 முதல் 34 அங்குலத்துக்குள் வரும். தப்பு நடப்பது அளவில் அல்ல, எங்கிருந்து அளக்கிறார்கள் என்பதில். தரை டைல்ஸ் போடுவதற்குமுன் கான்கிரீட் மேடை போட்டால், பின்னால் தரை இரண்டங்குலம் ஏறி மேடை குட்டையாகிவிடும். முடிந்த தரையிலிருந்து 34 வேண்டுமென்றால் கல்லுக்கு முக்கால் அங்குலம், கலவைக்கு ஒரு அங்குலம் போக, கான்கிரீட்டின் மேல்மட்டம் முடிந்த தரையிலிருந்து 32¼. தரை போடவில்லை என்றால் அதோடு அந்த இரண்டங்குலத்தைக் கூட்டிச் சுவரில் கோடு போட்டுக் கொடுங்கள். வாயால் சொன்னது மறுநாள் மாறிவிடும்.

சிங்க் வெட்டு

மேடைகள் உடையும் இடங்களைப் பார்த்தால் பெரும்பாலானவை இங்கேதான். இரண்டடி மேடையில் 18 அங்குல அகலச் சிங்க் வைத்தால் மீதி 6 அங்குலம். முன்னால் மூன்று, பின்னால் மூன்று. குழாய் மேடையில் நிற்பதாக இருந்தால் பின்பக்கம் அந்த மூன்றும் வேண்டும். 20 அங்குலச் சிங்க் எடுத்தால் பின்னால் அந்த மூன்று போக முன்னால் ஒன்றுதான் மிஞ்சும். குக்கர் தூக்கி வைக்கும்போது அந்தப் பட்டைதான் போகும். பெரிய சிங்க் வேண்டுமானால் மேடையை 26 அங்குலமாக்குங்கள். அதனால்தான் சிங்க்கையும் ஹாப்பையும் கல் வெட்டுவதற்குமுன் வாங்கி, பெட்டியில் வரும் அளவுத்தாளைக் கல்லின்மேல் வைத்துக் கோடு போட வேண்டும்.

உள்மூலைகளைக் கூராக வெட்டவிடாதீர்கள். கட்டர் வட்டத்தகடு என்பதால் மூலையில் கோட்டைத் தாண்டி ஒரு கீறல் ஓடும். அந்தக் கீறல்தான் பின்னாளில் விரிசலின் தலை. மூலையில் முதலில் அரை அங்குல ஓட்டை துளைத்து, அந்த ஓட்டையில் முடியும்படி நேர்வெட்டுகளை நிறுத்தச் சொல்லுங்கள். ஐந்து நிமிட அதிக வேலை. மேஸ்திரி "எல்லா வீட்லயும் இப்படித்தான் சார் பண்றோம்" என்பார். உங்கள் வீட்டில் வேறு மாதிரி வேண்டும் என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் நில்லுங்கள்.

முன்பட்டைக்கு அடியில் இரண்டங்குலக் கிரானைட் துண்டை எபாக்ஸிப் பசை வைத்து ஒட்டினால் பலம் கூடும். முன்விளிம்பில் இரண்டங்குலப் பட்டை ஒட்டும் இரட்டை மோல்டிங்கே அந்த வேலையைச் செய்துவிடும். இரும்புக் கம்பி பதித்துப் பலப்படுத்துகிறேன் என்றால் வேண்டாம். சாதா இரும்பு துருப்பிடித்து ஊதி, கல்லையே பிளக்கும். அடியில் மாட்டும் சிங்க்கைப் பசையை மட்டும் நம்பித் தொங்கவிடாமல் இருபுறமும் கடப்பா நிறுத்தி அதன்மேல் உட்கார வையுங்கள். தண்ணீரும் பாத்திரமும் நிறைந்த சிங்க் முப்பது கிலோவைத் தாண்டும்.

விளிம்பின் அடிப்பக்கம், முன்னாலிருந்து அரை அங்குலம் உள்ளே, மூன்று மி.மீ. ஆழத்தில் ஒரு நீளக் கோடு கீறச் சொல்லுங்கள். வழியும் தண்ணீர் அந்தக் கோட்டில் அறுந்து கீழே சொட்டும். இல்லையென்றால் அடிவழியே ஓடி அலமாரிக் கதவை ஊற வைக்கும்.

வெட்டு முழுவதும் தண்ணீர் ஊற்றித்தான் நடக்க வேண்டும், முடிந்தால் வீட்டுக்கு வெளியே. காய்ந்த வெட்டில் பறக்கும் சிலிக்கா தூள் நுரையீரலில் தங்கிவிடும். குவார்ட்ஸ் பலகையில் சிலிக்கா மிக அதிகம். வெட்டும் தொழிலாளர்களுக்கு வந்த சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் காரணமாக ஆஸ்திரேலியா 2024 ஜூலையில் அந்தப் பலகைகளையே தடை செய்தது. கைக்குட்டை கட்டியிருப்பது முகக்கவசம் ஆகாது.

பதிக்கும் நாள்

கான்கிரீட் மேடையின்மேல் என்றால் சிமென்ட் ஒன்றுக்கு மணல் நான்கு, கனம் முக்கால் முதல் ஒரு அங்குலம். கலவையை அங்கங்கே குவியலாக வைத்துக் கல்லை அமுக்கும் பழக்கம் உண்டு. குவியல்களுக்கு நடுவே வெற்றிடம் இருக்கும், அதன்மேல் அம்மிக் குழவி விழுந்தால் கல் நட்சத்திரமாகப் பிளக்கும். முழுதும் பரப்பி, ரப்பர் சுத்தியால் தட்டி, ரசமட்டம் வைக்கச் சொல்லுங்கள். சிங்க் பக்கமாக அடிக்கு ஒரு மி.மீ. வாட்டம் போதும், அதற்குமேல் போனால் தோசை மாவு ஒரு பக்கம் ஓடும். வெள்ளைக் கல்லுக்கு அடியில் சாம்பல் சிமென்ட் போட்டால் ஈரம் ஏறித் திட்டுத்திட்டாகக் கறுக்கும். வெள்ளைச் சிமென்ட் அடிப்படையிலான டைல்ஸ் பசைதான் அதற்கு.

கான்கிரீட் இல்லாமல் மாடுலர் அலமாரிமேல் வைக்கிறீர்கள் என்றால் நிறுத்துகளுக்கு இடையே இரண்டடிக்குமேல் இடைவெளி விடாதீர்கள். கிரைண்டர் வைக்கப்போகும் இடத்துக்கு நேர் கீழே ஒரு நிறுத்து வரட்டும். முன்னால் தாங்கலின்றி நீட்டுவது 20 மி.மீ. கல்லுக்கு ஆறங்குலம் வரைதான்.

கல்லுக்குக் கல் இணைப்பில் நிறம் கலந்த எபாக்ஸி. சுவரோரத்தில் எபாக்ஸியோ வெள்ளைச் சிமென்ட்டோ வேண்டாம். சுவரும் மேடையும் வெவ்வேறாக அசையும், அது விரிந்து கரப்பானுக்கு வழிவிடும். பூஞ்சை பிடிக்காத சிலிகான் அங்கே சரி. பதித்தபின் இரண்டு நாள் மேடைமேல் யாரும் ஏறி நிற்கக் கூடாது. மேல் அலமாரி மாட்ட வரும் தச்சர் முதல் வேலையாக மேடைமேல்தான் ஏறுவார்.

மூன்றாம் நாள் விரல் முட்டியால் மேடை முழுதும் தட்டிப் பாருங்கள். டொக்கு டொக்கு என்று கேட்கும் இடத்தைப் பென்சிலால் குறியுங்கள். சிங்க்கை அடைத்துத் தண்ணீர் நிரப்பி ஒரு இரவு விட்டு, அடியில் கையை வைத்துப் பாருங்கள். கடைசித் தவணையை அதற்குப் பிறகு கொடுங்கள்.

புழங்க ஆரம்பித்தபின்

தண்ணீர்ச் சோதனையில் கறுத்த கல்லுக்குச் சீலர் அவசியம். கறுக்காத கல்லுக்கு அடித்தால் அது உள்ளே இறங்காமல் மேலே பிசுபிசுப்பாக நிற்கும். பதித்து மூன்று வாரம் கலவையின் ஈரம் காயட்டும். மேடையைக் கழுவி ஒரு நாள் உலரவிட்டு, துணியால் பரப்பி, டப்பாவில் சொன்ன நிமிடக் கணக்கில் மிச்சத்தைத் துடைத்தெடுங்கள். துடைக்க மறந்தால் வெள்ளைப் படலம் காயும். வருடத்துக்கு ஒருமுறை அதே தண்ணீர்ச் சோதனையைச் செய்து, மறுபடி கறுத்தால் மட்டும் மறுபடி அடிக்கலாம்.

தினமும் பாத்திரம் தேய்க்கும் திரவத்தில் இரண்டு சொட்டு, நனைந்த துணி, பிறகு காய்ந்த துணி. பாத்ரூம் டைல்ஸுக்கு ஊற்றும் ஆசிட் மேடைப்பக்கமே வரக் கூடாது. எண்ணெய் இறங்கிய கறைக்குச் சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துக் கெட்டியாக அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஒரு நாள் விடுங்கள். பிறகு தாளை எடுத்துக் காயவிட்டால் எண்ணெய் சோடாவுக்கு ஏறும். பழைய கறைக்கு இரண்டு மூன்று முறை ஆகும். மஞ்சள் கறைக்கு வெயிலே மருந்து, மேடையில் ஜன்னல் வெளிச்சம் விழுந்தால் சில நாளில் தானாக வெளிறும்.

குழாய் அடியில் வெள்ளையாகப் படியும் உப்பு கறுப்புக் கல்லில் பளிச்சென்று தெரியும். அது கறையல்ல, மேலே ஒட்டிய சுண்ணாம்பு. புது பிளேடைக் கல்லோடு படுக்கையாக வைத்து, தண்ணீர் விட்டு மெல்லச் சுரண்டினால் வந்துவிடும். பிளேடு கிரானைட்டைவிட மென்மையானது, கீறாது. குவார்ட்ஸிலும் கோரியனிலும் இந்த வேலை வேண்டாம். விளிம்பில் சிறு சில்லுத் தெறித்தால் துண்டைத் தேடி எடுத்து அன்றே எபாக்ஸியில் ஒட்டுங்கள். அழுக்கு ஏறியபின் ஒட்டினால் கோடு தெரியும்.